கல்லானையின் காது நனைந்த சேதி

ஒரு காலத்துல, ஒரு ஆத்துக்கு இந்தக் கரையில நாணலூர்னு ஒரு ஊரும், அந்தக் கரையில ஈச்சம்பட்டின்னு ஒரு ஊரும் இருந்துச்சாம். நடு ஆத்துல ஒரு கல்லானை நிக்கும். ஆளை விடக் கொஞ்சம் உசரம். எந்த ராசா வச்சதோ தெரியாது. ரெண்டு ஊருக்கும் அதுதான் எல்லை, வெள்ளத்துக்கு அதுதான் அளவு. தண்ணி ஆனையோட முட்டியில இருந்தா நடந்து போகலாம். வயித்துல இருந்தா பரிசல்ல போகலாம். காதைத் தொட்டுச்சுன்னா சட்டிபானையைத் தூக்கிக்கிட்டு மலைக்கு ஏறிடணும்.

நாணலூர்ல வங்காருன்னு ஒருத்தன். ஊர் ஊராப் போய்ச் சேதி சொல்றதுதான் அவன் பொழப்பு. சின்னச் சேதின்னா ஒரு சொம்பு மோர் கொடுப்பாங்க. நடுத்தரச் சேதின்னா கூழும் வெங்காயமும். பெரிய சேதின்னா தலைவாழை இலை போட்டு, வடை பாயசத்தோட சோறு. இப்படி ஒரு வழக்கம் இருந்தா சேதி எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க. கிளம்பும்போது கடுகா இருக்கும், போய்ச் சேரும்போது பூசணிக்காயா இருக்கும்.

அதே ஊர்ல நல்லாயின்னு ஒருத்தி. அவ மக குயிலாத்தாளுக்கும் ஈச்சம்பட்டி மருதையனுக்கும் மறுநாள் விடியக்காலம் முகூர்த்தம். பொண்ணு கையில காப்புக் கட்டியாச்சு. காப்புக் கட்டின பொண்ணு ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மாப்பிள்ளை வீட்டார்தான் ஆத்தைக் கடந்து வரணும்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில பாத்தா, ராத்திரி பேஞ்ச மழையில ஆத்துல தண்ணி ஆனை முட்டிக்கு வந்துச்சு. முட்டிக்குத்தான். வங்காரு அதைப் பாத்துட்டு, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, அந்தத் தண்ணியிலயே நடந்து ஈச்சம்பட்டிக்குப் போனான். மாப்பிள்ளையோட அப்பா பெரியண்ணன் வாசல்ல நின்னாரு.

"என்னப்பா சேதி?"

முட்டின்னு சொன்னா மோர்தான். வயிறுன்னா கூழு. உள்ளேயிருந்து வடை வாசம் வருது. வங்காரு தலையில கை வச்சுக்கிட்டான்.

"என்னத்தச் சொல்ல? ஆனை காது நனைஞ்சுடுச்சு. நாணலூரு இல்ல."

அவ்வளவுதான். ஈச்சம்பட்டியில தலைமுழுகினாங்க, அழுதாங்க, வங்காருக்கு இலையும் போட்டாங்க. சாப்பிட்டு ஏப்பம் விட்டுட்டு அவன் அடுத்த ஊருக்குப் போயிட்டான். ஆறோ பனங்காட்டுக்கு அந்தப் பக்கம். காதுன்னு கேட்ட பிறகு எவன் போய் ஆத்தை எட்டிப் பாப்பான்? பெரியவங்க கூடிப் பேசினாங்க. "நட்ட பந்தக்கால் சும்மா நிக்கக் கூடாது. அதே முகூர்த்தத்துல பையனுக்கு மாமன் மகளைக் கட்டிடுவோம்."

மத்தியானம் ஆச்சு. நாணலூருக்கு மாப்பிள்ளை வீட்டார் யாரும் வரக் காணோம். பரிசல்காரர் கொடுமுடியாரு அந்தக் கரையிலேருந்து வந்து விஷயத்தைச் சொன்னாரு.

"முட்டியளவுதான்னு நான் சொன்னேன் தாயி. உன் பரிசலுக்கு ஆள் சேக்கிறியான்னு விரட்டிட்டாங்க. முட்டியளவுத் தண்ணியில பரிசலுக்கு என்ன வேலை? அதைக் கேக்க அங்க ஆள் இல்ல."

நல்லாயி முந்தானையைச் செருகிக்கிட்டா. "நான் போய்ச் சொல்றேன்."

"நீ போனா ஆவி வந்துருச்சுன்னு கதவைச் சாத்துவாங்க அம்மா" ன்னா குயிலாத்தா. அப்புறம் நடு ஆத்துல நிக்கிற ஆனையைப் பாத்தா. "எல்லையைத் தாண்டத்தானே கூடாது? எல்லை வரைக்கும் போகலாம்ல?"

மேளக்காரரைக் கூப்பிட்டா.

"தவில் நனைஞ்சா சத்தம் செத்துரும் தாயி."

"தலையில வச்சுக்கிட்டு வாங்க அண்ணே. ஆனை மேல உக்காந்து அடிக்கலாம்."

போனாங்க. கல்லானைக் கழுத்துல கல்யாணப் பொண்ணு, அவளுக்குப் பின்னால தவில்காரர், முட்டித் தண்ணியில நின்னுக்கிட்டு நாயனக்காரர். வாசிச்சாங்க. ஈச்சம்பட்டியில கேட்டவங்க, காத்துன்னாங்க. மறுபடி வாசிச்சாங்க. முழுகின ஊரோட ஆவிமேளம்னாங்க. மூணாவது தடவை வாசிச்சாங்க. அப்ப மருதையன் எந்திரிச்சு நின்னான்.

"ஆவி தாளம் தப்பாம வாசிக்குமா அப்பா? நான் போய்ப் பாக்குறேன்."

அவன் முன்னால ஓட, ஊரே பின்னால ஓடுச்சு. பனங்காட்டைத் தாண்டினா, ஆனை மேல பொண்ணு காலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கா.

"வெள்ளம் எங்க?"ன்னான் மருதையன்.

"என் சேலையோட ஓரத்துல இருக்கு. வந்து பாருங்க."

பெரியண்ணன் தலையைச் சொறிஞ்சாரு. "காதுன்னு சொன்னானேம்மா."

"நீங்க ஆனை காதைப் பாத்தீங்களா மாமா, வங்காரு வாயைப் பாத்தீங்களா?"

அவரு செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு முதல் ஆளா ஆத்துல இறங்கினாரு.

இங்க இப்படி இருக்க, வங்காரு என்ன ஆனான்? ரெண்டாவது ஊர்லயும் காதுன்னான், இலை போட்டுத் தின்னான். மூணாவதா மலையடி ஊருக்குப் போனா, அங்க ஊரே பூட்டிக்கிட்டுக் கிளம்புது. சேதி அவனுக்கு முன்னாலயே போயிடுச்சு.

"ஆனையையே வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சாம். ரெண்டு ஊரைக் காணோமாம். இங்க வருதாம்."

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுதே."

வங்காரு வந்த வழியைத் திரும்பிப் பாத்தான். நாம கிளம்பின பிறகு நெசமாவே வந்துருச்சோ? தன் பொய்யின்னு அவனுக்கே அடையாளம் தெரியல. விழுந்து எந்திரிச்சு மலை ஏறினான். மேல அடுப்பும் இல்ல, சோறும் இல்ல.

விடிஞ்சு பாத்தா, தூரத்துல நாணலூர்ப் பந்தல்லேருந்து புகை வருது. கெட்டிமேளம் கேக்குது. வங்காரு வாயை விட்டான்.

"அட, முட்டியளவுத் தண்ணிதானே அது!"

பக்கத்துல இருந்த கிழவி திரும்பிப் பாத்தா. "அப்ப வெள்ளம்னு முதல்ல கிளப்பிவிட்டது யாரு?"

அவன் முழிச்ச முழியிலயே எல்லாருக்கும் விளங்கிடுச்சு. அடிக்கல, திட்டல. "தூக்க வச்சவன்தான் இறக்கணும்"னுட்டு, ஊரோட சட்டிபானை, உரல், அம்மி எல்லாத்தையும் அவன் தலையிலயே ஏத்திவிட்டாங்க. ஒவ்வொரு நடையா இறக்கி முடிச்சு அவன் கல்யாண வீட்டுக்கு வந்தப்ப, இலையெல்லாம் எடுத்து முடிஞ்சாச்சு. வாசல்ல குயிலாத்தா நின்னா.

"வாங்க அண்ணே. ஆத்துல தண்ணி எவ்வளவு?"

வங்காரு தலையைக் குனிஞ்சான். "முட்டியளவு, தாயி."

"அப்ப மோர்தான்"னு ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுத்தா.

அதுக்கப்புறம் ஒரு வருசம் ஆனை காது நெசமாவே நனைஞ்சுது. வங்காரு தொண்டை கிழியக் கத்தினான். யாரும் அசையல. குயிலாத்தா ஓடிப் போய்ப் பாத்துட்டு வந்து சொன்ன பிறகுதான் மலைக்கு ஏறினாங்க. ஆள்சேதம் இல்ல. ஆனா அந்த இடைவெளியில, கட்டியிருந்த மாடுகளை ஆறு கொண்டுபோயிடுச்சு. அதுல வங்காருவோட பசுவும் ஒண்ணு.

அதனாலதான் சொல்றது, தண்ணியைக் கூட்டியும் சொல்லாதீங்க, குறைச்சும் சொல்லாதீங்க. ஆனை இன்னும் ஆத்துல நிக்குது, கதை கரை ஏறிடுச்சு, நீங்க கண்ணை மூடுங்க.