அரசர் விரல் எண்ணிய கதை

முன்னொரு காலத்தில், அது எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள், வெண்கோட்டு நாட்டைக் குமுதசேனர் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் தலைக்குள் ஒன்று புகுந்துவிட்டால் ஊரையே ஆட்டிவைத்துவிடுவார்.

ஒருநாள் மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவர், சற்று நேரத்தில் கிரீடம் கோணலாக இருக்க, அரசவைக்குள் ஓடிவந்தார்.

"இளஞ்சாத்தரே! கேளும்! கனவு கண்டேன். கனவுக்குள்ளேயே 'அட, இது கனவு' என்று எனக்குத் தெரிந்துவிட்டது! தெரிந்த பிறகு சும்மா இருப்பேனா? காவல் கோபுரத்தில் ஏறிக் குதித்தேன். பறந்தேன் ஐயா, பறந்தேன்! வழியில் நின்ற மலையைத் தூக்கி ஓரமாக வைத்தேன். 'மழையே, பெய்' என்றேன். பானகமாகக் கொட்டியது!"

அமைச்சர் இளஞ்சாத்தனார் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். "பானகத்தில் ஏலக்காய் இருந்ததா, மன்னா?"

"இருந்தது! கேட்டீரே ஒரு கேள்வி! ஆனால் சந்தோஷம் தாங்காமல் ஒரு கத்துக் கத்தினேன். முழிப்பு வந்து தொலைந்தது."

அன்று முதல் தினமும் மதியம் கனவு, மாலையில் கதை. கூடவே அரசருக்குப் புதிதாக ஒரு பழக்கமும் வந்தது. சபை நடந்துகொண்டிருக்கும்போதே வலது கையை முகத்துக்கு நேரே நீட்டி, உதடு அசைய விரல்களை எண்ணுவார். ஐந்து வந்ததும் முகம் வாடிவிடும். தங்கள் குற்றங்களைத்தான் எண்ணுகிறார் என்று பயந்து சபையோர் மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பார்கள். இளஞ்சாத்தனார் மட்டும் அந்த வாட்டத்தைக் கவனித்துவைத்தார்.

ஆஸ்தான சோதிடர் திருவம்பலருக்குத்தான் வயிற்றெரிச்சல். இருபது வருஷமாக அரசரின் கனவுக்குப் பலன் சொன்னவர் அவர். இப்போது அவரை யாரும் கேட்பதில்லை. "நானே ஓட்டுகிற தேருக்கு நீர் எதற்கய்யா வழி சொல்ல வேண்டும்?" என்று அரசர் ஒருநாள் கேலி செய்தபோது சபை சிரித்தது. அமைச்சரும் சிரித்தார். அந்த ஒரு சிரிப்பு சோதிடருக்குச் செரிக்கவில்லை.

மறுநாளே வந்து நின்றார். "மன்னா, நேற்றுத் தங்கள் கனவில் அடியேனும் இருந்தேன்."

அரசர் சிம்மாசனத்திலிருந்து துள்ளி எழுந்தார். "நிஜமாகவா? அங்கே எல்லாம் இருக்கிறது ஐயா, பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் இல்லையே என்று ஏங்கிப்போனேன்!"

"கோபுரத்தின் உச்சியில் தாங்கள் அமைச்சர் தலையில் கை வைத்து, 'விழித்தபிறகும் இங்கிருந்து குதியும், பறப்பீர், இது என் வாக்கு' என்றீர்களே. மறந்துவிட்டதா?"

"எழுந்தால் பாதி மறந்துதான் போகிறது. சொல்லியிருப்பேன்! வாக்கு வாக்குதான். வாரும் இளஞ்சாத்தரே! நீர் பறப்பதைப் பார்க்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை!"

அமைச்சர் மனசுக்குள் கணக்குப் போட்டார். பொய் என்றால் அரசரின் வாக்கையே பொய் என்றதாகும். குதித்தால் எலும்பு மிஞ்சாது. என்ன செய்வது என்று புரியாமலே, அரசரும் சோதிடரும் கூட வர, காவல் கோபுரத்தின் நூறு படியும் ஏறினார். உச்சியில் காற்று அங்கவஸ்திரத்தைப் பிடுங்கியது. கீழே அகழியில் முதலைகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அரசரோ குழந்தைபோல் கைதட்டினார். அந்தக் கையைப் பார்த்ததும் அமைச்சருக்குப் பொறிதட்டியது.

"சோதிடரே, போகும்முன் ஓர் ஆசை. மன்னர் என் தலையில் வைத்த கையை நீர் பார்த்தீரா?"

"கண்குளிரப் பார்த்தேன்."

"எப்படி இருந்தது? அதைக் கேட்டுக்கொண்டே குதிக்கிறேன்."

சோதிடருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. "செந்தாமரை போன்ற கை! அதில் முத்திரை மோதிரம்! அளந்து வைத்தாற்போல் ஐந்து விரல்கள்!"

அரசரின் கைதட்டல் நின்றது. "எத்தனை?"

"ஐ... ஐந்து, மன்னா."

"எத்தனை என்று கேட்டேன்!"

எங்கோ உதைக்கிறது என்று சோதிடருக்குப் புரிந்தது. எங்கே என்றுதான் புரியவில்லை. "ஆறு? இல்லை, நான்கு. அடியேன் நின்ற இடத்தில் கொஞ்சம் வெயில் கூசியது..."

அரசர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "கனவில் என் கையில் ஐந்து விரல் இருந்ததே இல்லை. ஒருநாள் ஏழு, ஒருநாள் எட்டு. நேற்று ஒன்பது. அதை வைத்துத்தான் கனவு என்று கண்டுபிடிக்கிறேன். இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. ஆக, நீர் அங்கே வரவே இல்லை." கோபத்தைவிட ஏமாற்றம்தான் அவர் குரலில் அதிகம் இருந்தது. "துணை கிடைத்ததென்று நம்பினேனே, பாவி!"

சோதிடர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"எழுந்திரும். நாளை முதல் தினமும் சபை கூடியதும் என் விரல்களை உரக்க எண்ணி, 'ஐந்து' என்று சொல்வதுதான் உமக்கு வேலை. வேறு ஒரு வார்த்தை பேசக்கூடாது!"

பிறகு அரசர் தம் முத்திரை மோதிரத்தைக் கழற்றி அமைச்சருக்கு அணிவித்தார். "ரகசியம் உமக்கு எப்படித் தெரிந்தது?"

"தெரியாது, மன்னா. ஊகம்தான். சபையில் எண்ணும்போது ஐந்து வந்தால் தங்கள் முகம் வாடுகிறது. அப்படியானால் தங்களுக்குப் பிடித்த இடத்தில் வேறு கணக்கு இருக்க வேண்டும். அதை நம்பித்தான் உயிரைப் பணயம் வைத்தேன்." அமைச்சர் மோதிரத்தைத் திருகிக்கொண்டே சொன்னார். "ஐந்து வரும்போதும் கொஞ்சம் சந்தோஷப்படுங்கள், மன்னா. அங்கே பானகமழை பெய்யலாம். ஏலக்காய் இருந்ததா என்று கேட்க நாங்கள் இந்தப் பக்கம்தானே இருக்கிறோம்."

 அரசர் கையை நீட்டி நிதானமாக எண்ணினார். ஐந்து வந்ததும், முதல்முறையாக, வாய்விட்டுச் சிரித்தார்.

எல்லோரும் இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய இளஞ்சாத்தனார் பாதிப் படியில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தம் விரல்களை எண்ணினார். ஐந்து. சந்தேகத்துக்கு இன்னொரு முறை எண்ணினார்.

"அப்பாடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் அகழி முதலைகள் திடுக்கிட்டு நீருக்குள் போய்விட்டன.