நிமிர்ந்து நின்ற திமில்

ஒட்டகத்தின் மேல் பழி போடுவது சுலபம். அது வாய் திறந்து மறுத்துப் பேசாது. முழுக்கக் கேளுங்கள், பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

சாயல்குடிக்காரர் சாத்தையா, வளைகுடா நாடு ஒன்றில் ஒட்டகப் பண்ணையில் வேலை பார்த்தார். ஊரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த தங்கை ராக்குவின் கணவன் பூமிநாதனுக்கும், முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்தார். அவன் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஒரு பெண் ஒட்டகம் பாலைவனத்தில் தொலைந்துபோனது. ஒரு வாரம் கழித்து இருவரும் அதை ஒரு பள்ளத்தில் கண்டுபிடித்தார்கள். செடிகொடி நிறைய இருந்ததால் நன்றாக மேய்ந்திருந்தது. ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. வயிறு ஒட்டிக் கிடந்தது. திமில் மட்டும் நிமிர்ந்து நின்றது.

வண்டியில் ஏற்றித் திரும்பும்போது சக்கரம் மணலில் புதைந்தது. உச்சி வெயில். இறக்கிவிட்ட ஒட்டகம் சூரியனைப் பார்த்து மடங்கி உட்கார்ந்து, மூக்குத் துவாரங்களை இடுக்கிக்கொண்டது. அதற்கு வியர்க்கக்கூட இல்லை. மனிதர்கள் இருவருக்கும் இருந்தது வாய் அகன்ற ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் இருந்த தண்ணீர்தான்.

“மாப்ள, மேட்டுல ஏறி சிக்னல் கிடைக்குதான்னு பாக்குறேன். தண்ணி பத்திரம். ஒட்டகம் தாங்கும், நம்ம தாங்க மாட்டோம்.”

சாத்தையா முதலாளியிடம் பேசிவிட்டு, நாக்கு வறண்டு இறங்கி வந்தார். கேனின் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர்தான் கிடந்தது.

“கண்ணசந்துட்டேன் மச்சான், அது குடிச்சிருச்சு! நான் பதறி எந்திரிக்கையில வயிறு நெறஞ்சு அதுவா தலையத் தூக்கிருச்சு. திமிலப் பாருங்க, எப்புடி நிமிந்து நிக்குது! தண்ணி பூரா அதுக்குள்ளதான் இருக்கு.”

சாத்தையா திமிலைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தார். “ராக்கு மேல சத்தியமா?”

“சத்தியமா மச்சான்.”

இதில் தண்ணீரைக் குடித்தது யார்? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

விடை: நீங்களும் திமிலைத்தானே பார்த்தீர்கள்? அதில் இருப்பது கொழுப்பு, தண்ணீர் இல்லை. மேய்ந்து மேய்ந்து நிமிர்ந்த திமில், கண்டுபிடித்தபோதே அப்படித்தான் நின்றது. ஒரு வாரத் தாகத்தோடு இருக்கும் ஒட்டகம் நூறு லிட்டரை அங்கேயே நின்று குடித்துத் தீர்க்கும். ஒரு கேனில் வயிறு நிறைந்து, ஒரு டம்ளரை மிச்சம் வைத்துத் தலையைத் தூக்காது. குடித்தது பூமிநாதன்தான். முதலாளி அனுப்பிய தண்ணீர் லாரி வந்ததும் அது குடித்த குடியைப் பூமிநாதனும் பார்த்தான். சாத்தையா வண்டி சீட்டுக்கு அடியில் கையை விட்டார். குடித்தது போக, கேனிலிருந்து அவன் ஊற்றி ஒளித்துவைத்த பாட்டில்கள் இரண்டு நிரம்பிக் கிடந்தன. தண்ணீர் போனதை அவர் மறந்துவிடுவார். தங்கை பேரில் செய்த பொய்ச் சத்தியத்தைத்தான் அவரால் மறக்க முடியவில்லை. சாயங்காலம் ராக்கு போன் செய்தாள். “அண்ணே, அவருக்கு வெயில் ஒத்துக்காது. தண்ணி நெறய குடிக்கச் சொல்லு.”

“நல்லாக் குடிச்சிட்டாரும்மா” என்றார் சாத்தையா.