மினுக்கன் கற்ற பாடங்கள்

காட்டாற்றின் வளைவில் ஒரு மடு இருந்தது. அதன் கரையில் ஒரு நீர்நாய்க் குடும்பம் வாழ்ந்தது. ஆண் நீர்நாயின் பெயர் மினுக்கன். அவன் மனைவி செவந்தி. அவர்களுக்கு அப்போதுதான் நீந்தப் பழகிய மூன்று குட்டிகள் இருந்தன.

மினுக்கனுக்கு ஒரு பழக்கம். எது நடந்தாலும் அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொள்வான். கற்றதோடு விடமாட்டான். கண்ணில் படுகிற எல்லோருக்கும் அதை எடுத்துச் சொல்வான்.

மழைக்காலம் முடிந்து ஆறு தெளிந்திருந்தது. இதமான வெயில் அடித்த ஒரு காலையில் மினுக்கன் கரைப்பாறை மேல் ஏறி நின்றான்.

"எல்லாரும் இங்க வாங்க! இந்த வருஷம் நான் பட்ட பாடு கொஞ்சமில்ல. அதுல கத்துக்கிட்டதைச் சொல்றேன். கேட்டா உங்களுக்குத்தான் நல்லது!"

குரங்குகள் மரத்திலிருந்து இறங்கி வந்தன. உடும்பு புதரிலிருந்து தலையை நீட்டியது. ஆமை ஏற்கெனவே அந்தப் பாறையில்தான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எழுந்து போக அதற்கு நேரமாகும் என்பதால் அங்கேயே இருந்துவிட்டது.

"முதல் பாடம்!" என்றான் மினுக்கன். "மழையை நம்பவே கூடாது!"

குட்டிகளுக்காக மீனைக் கிழித்துக்கொண்டிருந்த செவந்தி நிமிர்ந்தாள்.

"மழை உங்களுக்கு என்ன வாக்குக் குடுத்துச்சு, இப்ப அது மாறிப்போறதுக்கு?"

"நம்ம வளைக்குள்ள தண்ணி வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. மணல்ல தோண்டாதீங்க, சரிஞ்சிடும்; மருத மரத்து வேருக்கு அடியில தோண்டுங்கன்னு நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். வேர் முரடா இருக்கு, முதுகு வலிக்குதுன்னு சொன்னது யாரு?"

"பாருங்க, பேச விடுறாளா?" என்று மினுக்கன் ஆமையிடம் முறையிட்டான். ஆமை கண்ணை மூடிக்கொண்டது.

"அடுத்தது! யாரையும் நட்புன்னு கிட்ட சேர்க்கக் கூடாது. இந்த நரியை எடுத்துக்குங்க. என் மீனைத் தின்னான். எங்கூட உட்கார்ந்து சிரிச்சான். கடைசியில என் வளைக்கே வந்து என் கடைக்குட்டியோட காதைக் கடிச்சிட்டான்! எவ்வளவு பெரிய துரோகம்!"

"குட்டிங்க எங்க தூங்குது, நான் எந்நேரம் மீனுக்குப் போவேன்னு அவன்கிட்ட ஒண்ணுவிடாம ஒப்பிச்சீங்களே, அது என்ன?" என்றாள் செவந்தி.

"அவன் கேட்டான், நான் சொன்னேன்! கேட்டது அவன் தப்பு!"

குரங்குகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. செவந்தியின் கையிலிருந்த மீன் நழுவிக் கீழே விழுந்தது.

"ஐயோ, எனக்குத் தலையே வெடிச்சிடும் போலிருக்கே!" என்றாள்.

மினுக்கன் அதைக் காதில் வாங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மடுவின் மேல் நீண்டிருந்த கிளையைக் காட்டினான். அங்கே மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது.

"எல்லாத்தையும்விடப் பெரிய பாடம் இதுதான். அந்த மீன்கொத்தி பேச்சை நம்பவே கூடாது! கோடையில நாம பட்டினி கிடந்தப்போ, கீழ்மடுவுல மீன் குவிஞ்சு கிடக்குன்னு சொன்னான். அவ்வளவு தூரம் போனேன். ஒரு செதில்கூட இல்ல! சுத்தப் பொய்!"

மீன்கொத்திக்குக் கோபம் வந்தது. "நான் விடிஞ்சதும் சொன்னேன். நீ தூங்கி எழுந்து உச்சி வெயில்ல போன. அதுக்குள்ள நாரைக் கூட்டம் வந்து எல்லாத்தையும் தின்னுட்டுப் போயிடுச்சு. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"சாக்கு! எல்லாம் சாக்கு!" என்று கத்தினான் மினுக்கன்.

மீன்கொத்தி பதில் சொல்ல வாயைத் திறந்தது. ஆனால் அதன் பார்வை திடீரென்று தண்ணீரில் குத்தி நின்றது. மடுவின் நடுவில் ஒரு கரிய மேடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. வெள்ளத்தோடு வந்த முதலை அது!

"முதலை! முதலை!" என்று மீன்கொத்தி அலறியது. "குட்டிகளைக் கரையேத்துங்க!"

குட்டிகள் கரையோரத் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தன. அலறல் கேட்டதும் பயந்துபோய்க் கரையை நோக்கி வந்தன.

"பாத்தீங்களா!" என்று மினுக்கன் கூட்டத்தைப் பார்த்துக் கைகொட்டினான். "நம்மளைத் துரத்திட்டு மீனையெல்லாம் இவனே கொத்தப் பாக்குறான்! குட்டிகளா, யாரும் மேல வராதீங்க! அப்பா சொல்றேன், அங்கேயே இருங்க!"

குட்டிகள் அப்பாவின் பேச்சைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டன.

செவந்தி வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. தண்ணீரில் பாய்ந்தாள். ஒரு குட்டியைப் பிடரியில் கவ்விக் கரையில் எறிந்தாள். இன்னொன்றை மூக்கால் முட்டித் தள்ளினாள். காது கடிபட்ட கடைக்குட்டி மட்டும் சற்றுத் தள்ளி இருந்தது. அதன் பின்னால் தண்ணீர் பொங்கியது. இரண்டு கண்கள் மேலே வந்தன.

இப்போது மினுக்கனும் பார்த்தான். அவன் உடம்பு முழுக்க ரோமம் சிலிர்த்தது. ஒரே தாவலில் முதலையின் மூக்கின் மேல் விழுந்து கடித்தான். முதலை குட்டியை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பி, அவன் வாலைக் கவ்வியது. தண்ணீர் சிவந்தது. செவந்தி கடைக்குட்டியைக் கரையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பாய்ந்தாள். மேலிருந்து மீன்கொத்தி அம்புபோல் இறங்கி முதலையின் கண்ணில் கொத்தியது. வலி தாங்காமல் முதலை தலையை உதறியது. அந்த உதறலில் மினுக்கன் கரையோரமாகப் போய் விழுந்தான். பாதி வால் முதலையின் வாயிலேயே போய்விட்டது.

செவந்தி அவனை இழுத்துப் பாறையில் போட்டாள். மினுக்கன் மூச்சு வாங்கினான். பிறகு மெல்லத் தலையைத் தூக்கினான்.

"இன்னைக்கு நான் கத்துக்கிட்ட பாடம் என்னன்னா... முதலைங்களை..."

"வாயை மூடுங்க!" என்று செவந்தி போட்ட சத்தத்தில் ஆமைகூடத் திடுக்கிட்டது. "மழை மேல தப்பு! நரி மேல தப்பு! மீன்கொத்தி மேல தப்பு! ஒரு வருஷமா இதையே கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு. உங்க தப்புன்னு இந்த உலகத்துல ஒண்ணே ஒண்ணுகூடவா இல்ல?"

கடைக்குட்டி நடுங்கிக்கொண்டே மினுக்கன் அருகில் வந்தது.

"அப்பா, நாங்க மேல வந்துக்கிட்டுதானே இருந்தோம்? ஏன் அங்கேயே இருக்கச் சொன்னீங்க?"

மினுக்கன் மீன்கொத்தியைப் பார்த்தான். நனைந்த சிறகை விரித்துக்கொண்டு அது மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. ஆற்றைப் பார்த்தான். குரங்குகளைப் பார்த்தான். இந்த முறை கை காட்ட ஒருவரும் அகப்படவில்லை.

"நான்தான் சொன்னேன், கண்ணு," என்றான். "மீன்கொத்தி சொன்னது உண்மைன்னு ஏத்துக்கிட்டா, அன்னைக்கு நான் தூங்கிட்டுத்தான் மீனைக் கோட்டை விட்டேன்னு ஆயிடும். அதை ஒத்துக்க மனசு வரல. அதனால உங்களைத் தண்ணியில நிக்க வெச்சேன். தப்பு என்னுது."

"இதைச் சொல்ல இவ்வளவு ரத்தம் போக வேண்டியிருந்துச்சு," என்றாள் செவந்தி. அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

முதலை இருக்கும் மடுவில் இனிக் குடியிருக்க முடியாது. அன்றே அவர்கள் கரையோரமாக மேல் ஆற்றுக்குக் கிளம்பினார்கள். மீன்கொத்தி முன்னால் பறந்து வழி பார்த்துச் சொன்னது. செவந்தி வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். மினுக்கன் அரை வாலோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தான். அவள் சொன்ன எதையும் அவன் மறுத்துப் பேசவில்லை.

நடந்த தவறில் தன் பங்கு என்ன என்று பார்க்காமல், பிறரைக் குறை சொல்லியே ஒருவன் கற்றுக்கொள்ளும் பாடம் அவனை அடுத்த ஆபத்தில்தான் கொண்டுபோய் நிறுத்தும்.