அரை மரக்கால் கயிறு

முன்னொரு காலத்திலே செங்கழனி நாட்டை உக்கிரபூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் சந்தேகம் என்றால் அப்படியொரு சந்தேகம். சோற்றை மூன்று பேரை ருசி பார்க்கச் சொல்லுவான். மூன்று பேரும் சாகவில்லை என்றால், "மூவரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்களோ?" என்று யோசிப்பான். அதற்குள் சோறு ஆறிப்போகும். அப்படிப்பட்டவன் ஏழடுக்கு மாளிகை கட்டி, நாலு பக்கமும் சீமைக் கண்ணாடி ஜன்னல் வைத்தான். எதற்கு? வெளிச்சத்துக்கா? ஊரில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று உள்ளேயிருந்தே பார்க்க!

கண்ணாடியில் தூசி படிந்தால் வேவு பார்க்க முடியாதே. அதனால் துடைக்கும் வேலையைச் சடைச்சி என்ற பெண்ணிடம் கொடுத்திருந்தான். அவளையும் சேர்த்து நாலே பேர் கொண்ட சின்னக் கூட்டம். ஒருவர் தண்ணீர் இறைப்பார், ஒருவர் உள்பக்கம் துடைப்பார். சடைச்சி இடுப்பில் கயிற்றைக் கட்டி வெளியே தொங்கித் துடைப்பாள். மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரில் காலை ஊன்றி உட்கார்ந்து அந்தக் கயிற்றைப் பிடிப்பவர் பேச்சிமுத்து. நாலு பேருக்கும் நாளுக்கு ஆளுக்கொரு மரக்கால் நெல். கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது.

அரண்மனை மேலதிகாரி குணசீலருக்கு இந்தக் கூட்டம் கண்ணை உறுத்தியது. ஒருநாள் ராஜா சபையில், "இங்கே ஒழுங்காக வேலை செய்வது சடைச்சி ஒருத்திதான்" என்று சொல்லித் தொலைத்துவிட்டான். அன்றிலிருந்து மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. வேலையைப் பிடுங்கித் தன் மைத்துனனுக்குக் கொடுத்துவிடும் ஆசை வேறு. மெல்ல ராஜாவின் காதில் போட்டார்.

"மகாராஜா, மாடியில் ஒருவன் சும்மா உட்கார்ந்தே நெல் வாங்குகிறான், பார்த்தீர்களா?"

ராஜா போய்ப் பார்த்தான். பேச்சிமுத்து உட்கார்ந்துதான் இருந்தார். "என்ன செய்கிறாய்?" என்றான். பதிலில்லை. "ராஜா கேட்கிறேன்!" அப்போதும் பதிலில்லை. ஆள் தொங்கும்போது கயிறு பிடிப்பவர் வாய் திறக்கக்கூடாது, கவனம் சிதறும் என்பது அந்தத் தொழிலின் கட்டுப்பாடு. ராஜாவுக்கு அது எங்கே தெரியும்? "எதையோ மறைக்கிறான்" என்று முடிவு கட்டிவிட்டான்.

மறுநாள் சடைச்சியைச் சபைக்கு வரவழைத்தான். "கயிறு பிடிப்பவனுக்கு இனி அரை மரக்கால்தான்!"

"அரைகூட எதற்கு, மகாராஜா?" என்றார் குணசீலர். "கயிற்றைத் தூணில் கட்டினால் போச்சு. தூண் நெல் கேட்காது."

"தூணு கயித்தைப் பிடிக்கும் சாமி. கால் வழுக்குனா சுதாரிச்சு இழுக்குமா?" என்றாள் சடைச்சி. "மகாராஜா, கூலி குறைஞ்சா அவரு வேற ஊர் போயிருவாரு. வேற கையை நம்பி நான் இறங்க மாட்டேன். நாலு குடும்பத்துப் பிழைப்பும் போயிரும்."

"என்ன, மிரட்டுகிறாயா?" என்று ராஜா கண்ணை இடுக்கினான்.

சடைச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மகாராஜா சந்தேகப்படுறது சரிதான். நானே ஒண்ணு கேக்குறேன். ஏழாம் அடுக்கு ஜன்னல்ல, வெளிப்பக்க மூலை இடுக்கெல்லாம் நாங்க துடைக்கிறோமா இல்லையான்னு இதுவரைக்கும் யாராச்சும் பார்த்ததுண்டா?"

ராஜா துள்ளி எழுந்தான். "அதானே! யார் பார்த்தது? யாரை நம்பி அனுப்புவது?"

"குத்தம் கண்டுபிடிக்க நம்ம குணசீலர் ஐயா கண்ணைவிட நல்ல கண்ணு இந்த நாட்டில உண்டா, மகாராஜா?"

"எனக்கு முழங்காலில் வலி…" என்று ஆரம்பித்தார் குணசீலர்.

"ஏன் தயங்குகிறீர்? நீரும் இவர்களோடு கூட்டா?"

அந்த ராஜா வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தால் அடுத்து என்ன வரும் என்று குணசீலருக்குத் தெரியும். மூச்சிரைக்க மாடி ஏறினார்.

அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிவிட்டுச் சடைச்சி பணிவாகக் கேட்டாள்: "கயித்தைத் தூணுல கட்டவா சாமி, இல்ல அரை மரக்கால் ஆளு பிடிக்கட்டுமா?"

குணசீலர் தூணைப் பார்த்தார். கீழே எட்டிப் பார்த்தார். "ஆளே… ஆளே இருக்கட்டும்."

இறக்கினார்கள். காற்று ஒரு ஆட்டு ஆட்டியது. "பேச்சிமுத்து, பிடித்திருக்கிறாயா?" பதிலில்லை. "அப்பா பேச்சிமுத்து, ராசா, இருக்கிறாயா?" மூச்சுப் பேச்சில்லை. குணசீலர் கயிற்றை இறுகப் பற்றிக்கொண்டார். 'இவன் சோற்றில் மண்ணைப் போட்டோமே! இவன் எதற்கு நம்மைப் பிடிக்க வேண்டும்?' ஒருவரும் அவரை மிரட்டவில்லை. அவர் நினைப்பே அவரை மிரட்டியது.

"மகாராஜா! இவனுக்கு முக்கால் மரக்கால் கொடுங்கள்!" என்று அலறினார். கயிறு இன்னொரு முறை ஆடியது. "முழு மரக்கால்! இரண்டு! மூன்று! என் வீட்டுக் களஞ்சியத்திலிருந்தே தருகிறேன்!"

ராஜா ஏழாம் அடுக்கு ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினான். "அதெல்லாம் இருக்கட்டும். மூலை சுத்தமாக இருக்கிறதா?"

"சுத்தம், மகாராஜா! படு சுத்தம்! என்னை மேலே தூக்கச் சொல்லுங்கள்!"

தூக்கினார்கள். குணசீலர் தரையில் குப்புற விழுந்து தரையைக் கட்டிக்கொண்டார். மாடிக்கு வந்த ராஜா, பேச்சிமுத்துவின் உள்ளங்கையில் கயிறு பதிந்து சிவந்திருந்ததைப் பார்த்தான். ஆனாலும் சந்தேகம் விடுமா?

"உண்மையைச் சொல். விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷமாவது நினைத்தாயா?"

இப்போதுதான் பேச்சிமுத்து வாய் திறந்தார். "கூலி சரியில்லேன்னா நாளையிலேர்ந்து கயித்தைத் தொடமாட்டேன், மகாராஜா. தொட்டுட்டா, தொங்குறது யாருன்னு பார்க்குறதில்ல."

ராஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த நாட்டில் அவன் வெட்கப்பட்டதை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. நாலு பேருக்கும் பழையபடி முழுக்கூலி என்று அறிவித்து, ஆளுக்கொரு மூட்டை நெல்லும் புதுத்துணியும் கொடுத்தான். பிறகு குணசீலர் பக்கம் திரும்பினான்.

"நீர் ஒரு மாதம் இவர்களுக்குத் தண்ணீர்க்குடம் சுமக்க வேண்டும். சடைச்சி, இவருக்குக் கூலி என்ன கொடுக்கலாம்? கால் மரக்கால் போதுமா?"

சடைச்சி போதாது என்று தலையை ஆட்டினாள். "ஒரு மரக்கால், மகாராஜா. எங்க கூட்டத்துல சேர்ந்துட்டா யாருக்கும் குறைச்சுக் கொடுக்கிற வழக்கமில்ல."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். குணசீலர் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்தார்.