பாலாடை உருட்டிய பச்சைப் பாசிமணி

வெகு வெகு காலத்துக்கு முன்னால், பூனையும் மனிதரும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த நாளில், மருதவேலி ராஜ்ஜியத்தின் எல்லையில் ஒரு கருங்கல் மாளிகை இருந்தது. அதில் வக்கிரகேது என்று ஒரு மந்திரவாதி. அவனிடம் ஒரு வெள்ளைப் பூனை. அவள் பெயர் பாலாடை.

பாலாடை பிறந்ததிலிருந்து வெளியே போனதே இல்லை. வெள்ளிக் கிண்ணத்தில் பால், பட்டு மெத்தையில் தூக்கம். வீட்டுக்குள்கூட மந்திரவாதி அவளைத் தோளில்தான் சுமப்பான். தினமும் காலையில் மூன்று கட்டளை சொல்வான்.

"மனுஷரோட பேசாதே. மழையில நனையாதே. மண்ணைத் தொடாதே. மூணையும் மீறினா உன் உயிர் போயிடும்டி கண்ணு!"

உயிர் என்றால் யாருக்குத்தான் பயமில்லை? பாலாடை ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து உலகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். பொழுது போக வேண்டுமே! மேசையில் கிண்ணம் இருந்தால் முன்னங்காலால் மெல்லத் தள்ளுவாள். விழும். உடையும். அவளுக்குக் கொண்டாட்டம். வைத்த பொருளைத் தள்ளிவிடாத பூனை எந்த ஊரில் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்!

அந்த மாளிகையில் அலமாரி நிறைய களிமண் பொம்மைகள் இருந்தன. வக்கிரகேதுவைப் பெரிய வைத்தியன் என்று நம்பி ஆட்கள் மருந்து கேட்டு வருவார்கள். வந்தவர் திரும்பிப் போய்ப் பாலாடை பார்த்ததில்லை. மறுநாள் அலமாரியில் ஒரு பொம்மை கூடியிருக்கும். ஏன், எதற்கு என்று அவள் கேட்டதே இல்லை. பால் நேரத்துக்கு வந்தது, வேறென்ன வேண்டும்?

ஒருநாள் அலமாரியில் ஏறி ஒரு பொம்மையைத் தள்ளினாள். பச்சைப் பாசிமணி மாலை போட்ட பெண் பொம்மை. விழுந்து சுக்குநூறானது. மந்திரவாதி கோபிக்கவே இல்லை. "போனா போகுது, நீ விளையாடுடி கண்ணு" என்று சிரித்தான். சிதறிய மணிகளில் ஒன்றை உருட்டி உருட்டித்தான் அன்றிலிருந்து பாலாடைக்குப் பொழுது போயிற்று.

சில நாள் கழித்து ஜன்னலுக்குக் கீழே ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் வடிவு. காட்டில் விறகு பொறுக்கி விற்கிறவள்.

"பூனை, பூனை! எங்க அக்கா அன்னக்கொடியப் பாத்தியா? அம்மாவுக்குக் காய்ச்சல்னு மருந்து வாங்க இங்க வந்தா. வீடு திரும்பவே இல்ல."

அந்தக் குரலின் நடுக்கத்தில் கட்டளை மறந்துபோனது. "எப்படி இருப்பா?" என்று கேட்டுவிட்டாள் பாலாடை.

"என்னைவிட உயரம். இடது புருவத்துல தழும்பு. கழுத்துல பச்சைப் பாசிமணி மாலை."

பாசிமணி பாலாடையின் காலடியில் கிடந்தது. மணியை வாலால் மூடிக்கொண்டு, "பாக்கலையே" என்றாள்.

அன்று சாப்பிடும்போது மந்திரவாதியின் கடைவாய்ப் பல் கழன்று இலையில் விழுந்தது.

"யாரோடயாவது பேசினியாடி?"

"இல்லையே."

முதல்முறையாகப் பாலாடை அன்று அலமாரியை நன்றாகப் பார்த்தாள். ஒரு பொம்மையின் கையில் மருந்துக் குப்பி. ஒன்றின் இடுப்பில் பிள்ளை. எல்லா முகத்திலும் ஒரே திகைப்பு. இத்தனை நாளும் இவர்களுக்கு நடுவில்தானே வாலை ஆட்டிக்கொண்டு நடந்தோம் என்று நினைத்தபோது அவளுக்குப் பால் இறங்கவில்லை.

மறுநாள் நல்ல மழை. வடிவு நனைந்துகொண்டே வந்தாள். பாலாடை தலையும் கழுத்தும் நனைய வெளியே எட்டிப் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போ வடிவு! இங்க உள்ள வந்தவங்க எல்லாரும் பொம்மையாயிட்டாங்க. நீயும் ஆயிடுவ."

"அப்ப எங்க அக்காவும் பொம்மையா இருக்காளா? அதை மட்டும் சொல்லு!"

பாலாடை வாயைத் திறக்கவில்லை. இருக்கிறாள் என்று வடிவு எடுத்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் அழுதுகொண்டாவது வீடு போய்ச் சேர்ந்திருப்பாள்.

அன்று மந்திரவாதியின் வலது கை மரத்துப்போய்த் தொங்கியது.

"மழையில நனைஞ்சியாடி?"

"இல்லையே."

மூன்றாம் நாள் வடிவு நேராக வாசலுக்கே வந்துவிட்டாள். "எங்க அக்காவக் குடுடா!" என்று கதவை இடித்தாள். மந்திரவாதி கதவைத் திறந்து இடது கையால் மந்திரக்கோலை நீட்டினான். வடிவின் பாதம் களிமண்ணாயிற்று. முழங்கால் களிமண்ணாயிற்று. இடுப்பும் களிமண்ணாயிற்று.

பாலாடை ஜன்னலிலிருந்து பார்த்தாள். கீழே மண். தொட்டால் சாவு. அவள் பின்னங்கால்களை மடக்கியதைக் கண்டதும் மந்திரவாதியின் முகம் வெளுத்தது.

"வேணாம்டி கண்ணு! குதிக்காதே! உன்னைக் கெஞ்சிக் கேக்கிறேன்டி!"

அவன் கண்ணில் நிஜமான கண்ணீர். நமக்காக அழுகிறானே என்று பாலாடைக்கு மனசு இளகியது. அதற்குள் களிமண் வடிவின் கழுத்துக்கு ஏறிவிட்டது.

பாலாடை குதித்தாள்.

மண் சில்லென்று இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு சாவுக்குக் காத்திருந்தாள். சாவு வரவில்லை. கண்ணைத் திறந்தால், வாசலில் சுருண்டு விழுந்து கிடந்தவன் மந்திரவாதி.

"பாவி! என் உயிரை உனக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன்டி. மண்ணுல கால் பட்டா கட்டு அவிழும்னுதான் இத்தனை வருஷம் தோள்ல சுமந்தேன்."

"அப்ப, என் மேல வச்ச பாசம்?"

"பூனை மேல எவன்டி பாசம் வைப்பான்?" என்றான். அதோடு அவன் மூச்சு நின்றது.

மாளிகைக்குள் கலகலவென்று ஆள் சத்தம். பொம்மைகள் மனிதராகி ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். களிமண் உதிர்ந்த காலோடு வடிவு வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். குப்பிக்காரர் வந்தார். பிள்ளைக்காரி வந்தாள். கடைசி ஆளும் வந்துவிட்டார்.

"எங்க அக்கா எங்க?"

பாலாடை உள்ளே ஓடி, பாசிமணியை வாயில் கவ்வி வந்து வடிவின் காலடியில் வைத்தாள்.

"விளையாட்டா தள்ளிவிட்டேன். உடைஞ்சுபோச்சு. ஆள்னு தெரியாது. தெரிஞ்ச பிறகும் உங்கிட்ட மறைச்சேன்."

வடிவு அடிக்கவில்லை, திட்டவில்லை. மணியை எடுத்துப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள். மனிதரோடு பாலாடை பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

ராஜா சேதி கேட்டு வந்து பாலாடைக்குப் பொன் கிண்ணம் கொடுத்தார், அரண்மனையிலேயே இருக்கச் சொன்னார். அவள் கிண்ணத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வடிவின் குடிசைக்கு எதிரே விறகுக் கட்டுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டாள். தினமும் காலையில் வடிவு ஒரு சிரட்டையில் மோர்ச்சோறு வைப்பாள். பேச மாட்டாள்.

அடுத்த மழைக்காலம் வந்தது. நனைந்து நடுங்கிய பூனையை வடிவு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வந்து தொலை" என்றாள்.

பாலாடை உள்ளே போனாள். சுவர் மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில், விளிம்பை ஒட்டி அந்தப் பாசிமணி இருந்தது. அவள் அதற்கு நேர் கீழே, தரையில் சுருண்டுகொண்டாள்.

மருதவேலிக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்: அந்தப் பூனை இருந்தவரை அந்த வீட்டில் ஒரு பொருளும் கீழே விழவில்லையாம்.