நாணற்குடிக் கோவில் வாசலில் நிற்க வேண்டியவர் யார்?

இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கடலோரச் சிற்றூரான நாணற்குடியில் ஒரு சீர்திருத்தக் கிறிஸ்தவச் சபை இருந்தது. தவறு செய்தவர் மூன்று ஞாயிறு கறுப்புப் போர்வையோடு கோவில் வாசலில் நின்று, தம் தவற்றைத் தம் வாயாலேயே சொல்ல வேண்டும் என்பது அந்தச் சபையின் கட்டளை. மூன்றாம் ஞாயிறு மன்னிப்புக் கிடைக்கும். அதன்பின் அந்தத் தவற்றை யாரும் பேசக் கூடாது. சபைப் புத்தகத்திலும் அதை எழுதமாட்டார்கள். மீறிச் சொல்லிக்காட்டுகிறவர் அதே வாசலில் மூன்று ஞாயிறு நிற்க வேண்டும்.

உப்பளத்தில் வேலை செய்த அருளாயி, பிள்ளைகள் பட்டினி கிடந்த ஒரு நாள் கோழி திருடினாள். வாசலில் நின்றாள், சொன்னாள், அழுதாள், மன்னிக்கப்பட்டாள். கோழிக்குச் சொந்தக்காரியான ராக்கேலே அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

மறுவாரமே தொடங்கியது. அருளாயி தண்ணீர்க் குடத்தோடு போகும்போதெல்லாம், வலையைச் சரிசெய்துகொண்டிருக்கும் மாசிலாமணி தலையைத் தூக்காமலே, "கொக்... கொக்..." என்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். இரண்டு மாதம் பொறுத்தாள். பிறகு தெருப் பிள்ளைகளும் அவள் பின்னால் அப்படியே கத்தத் தொடங்கினார்கள்.

அப்போது சபைக்குப் புதிய குருவானவர் வந்தார். ஊருக்கு வந்து பத்தே நாள். சபைக் கட்டளை தெரியும்; பழைய கதை எதுவும் அவருக்குத் தெரியாது. ஆராதனை முடிந்ததும் அருளாயி அவர் முன் போய் நின்றாள்.

"இவனை நிறுத்தச் சொல்லுங்கய்யா. இல்லேன்னா என் பேரைச் சபையிலேருந்து எடுத்துடுங்க. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வேற ஊர் போயிடறேன்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலீங்க. சத்தம் போடறான்."

மாசிலாமணி பணிவாக எழுந்தான். "தொண்டைக் கமறலுங்க ஐயா. உப்புக் காத்து பாருங்க. இப்படித்தான் வரும்" என்று சொல்லி, "கொக்... கொக்..." என்றான்.

பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பின்வரிசை ஆண்கள் குலுங்கினார்கள். சபையைக் கவனித்துவந்த உபதேசியார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். குருவானவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

உபதேசியார் சமாளித்துக்கொண்டு எழுந்தார். "கமறல் குத்தமில்லை ஐயா. கேலின்னா, அதில் என்ன கேலின்னு அருளாயி சொல்லட்டும். சொல்ல முடியலேன்னா அது பொய்ப் புகார். அதுக்கும் வாசல்தான்."

அருளாயி மாட்டிக்கொண்டாள். விளக்க வேண்டுமானால் கோழியைப் பற்றிப் பேச வேண்டும். பேசினால் கட்டளையை மீறியவள் ஆவாள். பேசாவிட்டால் பொய்க்காரி.

ராக்கேல் விருட்டென்று எழுந்தாள். "ஏண்டா, கமறலுன்னா இஞ்சி தின்னேண்டா! ஐயா, நான் சொல்லிடறேன். இவ ஒரு நாள்..."

"ராக்கேல் அக்கா! இன்னொரு வார்த்தை பேசினா மூணு ஞாயிறு நீங்க நிக்கணும்!" என்றார் உபதேசியார்.

"நிக்கறேன். என் காலு, நான் நிக்கறேன்!"

குருவானவர் கையை உயர்த்தினார். "சொல்ல வேண்டாம் அம்மா. எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது."

பழைய தவறு இன்னதென்று கேளாமலே, அந்தச் சத்தம் கேலிதான் என்று குருவானவர் எப்படி அறிந்தார்? வாசலில் நிற்க வேண்டியவர் யார்? மாசிலாமணியா, அருளாயியா, பேசத் துணிந்த ராக்கேலா? விடையைப் படிக்கும் முன் சற்று யோசியுங்கள்.

விடை: தொண்டைக் கமறலுக்கு ஊர் சிரிக்காது. விஷயம் தெரியாத குருவானவருக்குச் சிரிப்பு வரவில்லை. தெரிந்தவர்களுக்கு அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பே சாட்சி. ஆகவே மாசிலாமணி குற்றவாளி. ராக்கேல் பேச எழுந்தது அருளாயியைக் காப்பாற்ற. அவள் கட்டளையின் நோக்கத்தை மீறவில்லை. ஆனால் வாய்ச்சொல் இல்லாமலே சொல்லிக்காட்ட முடியும் என்றால், சிரித்தவர்களும் சொல்லிக்காட்டியவர்கள்தானே? "சிரித்த எல்லாரும் இவனோடு நில்லுங்கள். எதற்காக நிற்கிறோம் என்று ஒருவரும் வாய் திறக்கக் கூடாது" என்றார் குருவானவர். அடுத்த ஞாயிறு, மாசிலாமணியையும் உபதேசியாரையும் சேர்த்து முப்பத்தொரு பேர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அருளாயி பிள்ளைகளோடு வந்தாள். உள்ளே போக இடமில்லை.

"கொஞ்சம் வழி விடுங்க" என்றாள்.

விட்டார்கள்.