செல்லாத மயிலிறகு

குளக்கரை மருதமரத்தடியில் நடக்கும் காட்டுச் சந்தையில் எதை வாங்கினாலும் மயிலிறகுதான் கொடுக்க வேண்டும். இறகு அழுகாது, வேறு யாராலும் செய்யவும் முடியாது. அதனால் எல்லோரும் அதை நம்பினார்கள்.

இதில் கொழித்தது மயில்தான். கரடி தேனீக்களிடம் கொட்டு வாங்கித் தேன் எடுக்கும். முள்ளம்பன்றி மூக்கில் மண் அப்பக் கிழங்கு தோண்டும். மயிலோ உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பும். விழுந்த இறகைக் கொடுத்துவிட்டுத் தேனையும் கிழங்கையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போகும். நோகாத பிழைப்பு!

முள்ளம்பன்றி பாடுபட்டுச் சேர்த்த இறகுகள் வளையில் குவிந்திருந்தன. அதன் பெண்டாட்டிக்கு இது பேறுகாலம். மழைக்கு முன் காய்ந்த புல் வாங்கிப் பரப்பாவிட்டால் பிறக்கும் குட்டிகள் ஈரத்தில் விறைத்துவிடும்.

அந்த நேரம் பார்த்து ஒரு சாரைப்பாம்பு ஒதுங்க இடம் கேட்டது. முள்ளம்பன்றி பாவம் பார்த்து வளையோரம் இடம் கொடுத்தது. மயிலுக்குப் பாம்பென்றாலே ஆகாது. விஷயம் காதில் விழுந்ததும் சந்தை நடுவே வந்து நின்றது.

"என் எதிரிக்கு இடம் குடுத்தவன் இறகு இனிமே செல்லாது. அதை வாங்குறவன் இறகும் செல்லாது!"

முள்ளம்பன்றி புல் விற்கும் தூக்கணாங்குருவியிடம் ஓடியது.

"தங்கச்சி, புல்லு வேணும். மழை இருட்டிக்கிட்டு வருது."

"குடுக்க ஆசைதான் அண்ணே. வாங்கினா என் இறகும் போயிடுமே" என்று குருவி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

முள்ளம்பன்றி கண் கலங்கித் திரும்பி நடந்தது. பாதி வழியில் குருவி பறந்து வந்து மறித்தது.

"மனசு கேக்கல அண்ணே. இன்னைக்கு உங்களுக்கு வந்தது நாளைக்கு எனக்கும் வரும். இறகை விடுங்க. என் கூட்டுல பூச ஈரக் களிமண் வேணும், இருக்கா?"

"தோண்டுற இடமெல்லாம் அதுதானே வருது!"

களிமண் போனது, புல் வந்தது. அதைப் பார்த்த கரடி தேனைக் கொடுத்துக் கிழங்கு வாங்கியது. மெல்ல மெல்லச் சந்தையே அப்படி மாறியது.

மழை விட்டதும் மயில் வந்து ஒய்யாரமாய்ச் சிலுப்பியது. இறகுகள் உதிர்ந்தன. ஒருவரும் குனியவில்லை.

"இறகு இருக்கட்டும் மயிலாரே. வேற என்ன கொண்டாந்தீங்க?" என்றது கரடி.

மயிலிடம் வேறென்ன இருக்கிறது? பசியோடு புற்றைக் கிளறிக் கரையான் பொறுக்கப் போனது. வளைக்குள் புல் மெத்தையில் முள்ளம்பன்றிக் குட்டிகள் செல்லாத இறகுகளைப் பிய்த்துப் பிய்த்து விளையாடிக்கொண்டிருந்தன.

எல்லோரும் நம்பியதால் வந்த செல்வாக்கை மிரட்டலுக்குப் பயன்படுத்தினால், நம்பிக்கையும் போகும், செல்வாக்கும் போகும்.